‘ரேடியேட்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் படிப்பதும் எழுதுவதும் தமிழாக்குவதும்

எங்கள் குடும்பத்தை ஓர் இரவு முழுவதும் உறங்கவிடாமல் வைத்த ஆங்கிலச் சொல் இது. என் அக்காவின் கணவர் நெஞ்சு நோவுடன் மட்டக்களப்பில் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டு, சில நாட்களின் பின் வீடு திரும்பியபோது, கையில் நோய் விபரம் எழுதிய டயக்னோசிஸ் காட் ஒன்று இருந்தது. அதன் முதல் வரியில் ‘செஸ்ட் பெயின் ரேடியேட்டிங் டு த லெஃப்ட் ஆம்’ என்று எழுதியிருந்தது. உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் படிக்கும் மருமகள் அதை வாசித்தாள். ‘செஸ்ட்’ தெரியும், ‘பெயின்’ தெரியும், ‘லெஃப்ட் ஆம்’ தெரியும். நடுவில் நின்ற சொல்லைப் பார்த்ததும் அவளுக்கு ‘ரேடியேஷன்’ நினைவுக்கு வந்தது. ரேடியேஷன் என்றால் புற்றுநோய்க்குக் கொடுப்பது என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அத்தானின் இடது கைக்குக் கதிர்வீச்சுக் கொடுக்கப் போகிறார்கள், வீட்டாருக்கு அதைச் சொல்லாமல் மறைத்துவிட்டார்கள் என்று அக்கா முடிவுகட்டிவிட்டார்.

மறுநாள் காலையில் நான் போய்ப் பார்த்தேன். அந்த வரியில் இருந்தது இவ்வளவுதான்: இடது கைக்குப் பரவும் நெஞ்சு நோ. அத்தான் டொக்டரிடம் தன் வாயால் சொன்ன ‘நெஞ்சு நோகுது, கைக்கு இழுக்குது’ என்ற முறைப்பாட்டையே அவர்கள் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள்.

அகராதியைத் திறந்தால் இந்தச் சொல்லுக்குக் கதிர்வீசு, பரவு, ஒளிர், வெளிப்படுத்து, பிரிந்து செல் என்று ஒரு வரிசையே கிடைக்கும். அவற்றில் எதை எந்த இடத்தில் எடுப்பது என்பதை அகராதி சொல்லித் தருவதில்லை. சாதாரண தர, உயர்தர ஆங்கில வினாத்தாள்களுக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளுக்கும், வைத்தியசாலைக் காட்டையோ அறிவித்தலையோ வீட்டாருக்கு வாசித்துச் சொல்ல வேண்டியவர்களுக்கும், ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு எழுதுபவர்களுக்கும் உதவும் வகையில், அதை எப்படி முடிவுசெய்வது என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சில்லு

இலத்தீன் மொழியில் ‘ரேடியஸ்’ என்ற சொல்லுக்குத் தடி, சில்லின் ஆரக்கால், ஒளிக்கதிர் என்ற பொருள்கள் இருந்தன. அதிலிருந்து பிறந்த வினைச்சொல்லே ‘ரேடியேட்’. ஆகவே இந்தச் சொல்லைக் கண்டவுடன் மனத்தில் வர வேண்டிய படம் மாட்டு வண்டில் சில்லு. நடுவிலே குடம். குடத்திலிருந்து ஆரக்கால்கள் நேராக வெளியே சென்று வட்டையைத் தொடுகின்றன. சைக்கிள் சில்லையும் சொல்லலாம். ஆனால் கவனித்துப் பார்த்தால் அதன் கம்பிகள் பெரும்பாலும் சற்றுச் சாய்வாகப் புறப்பட்டு ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்வது தெரியும். நேர் ஆரைக்கு வண்டில் சில்லுதான் சரியான சாட்சி.

நம் பாடசாலைக் கணித நூல்களில் வட்டத்தின் மையத்திலிருந்து பரிதி வரையுள்ள தூரத்தை ‘ஆரை’ என்கிறோம். தமிழில் ஆரைக்கும் ஆரக்கால் என்ற பொருள் உண்டு. இலத்தீன்காரரும் நாமும் ஒரே சில்லைப் பார்த்தே வட்டத்தின் கணக்குக்குப் பெயர் வைத்திருக்கிறோம். ஆரைக்கீரையின் நான்கு இலைகளும் காம்பின் நுனியில் ஒரே புள்ளியிலிருந்து நாற்புறமும் விரிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கீரையைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் மறப்பதில்லை. நான் செய்து பார்த்திருக்கிறேன்.

இந்தப் படத்தில் மூன்று விடயங்கள் உள்ளன: ஒரு மையம், அந்த மையத்திலிருந்து வெளிநோக்கிய பயணம், அந்தப் பயணத்துக்குரிய நேர்ப்பாதைகள். இவற்றில் மையமே முதன்மையானது. ஒரு வாக்கியத்தில் ‘ரேடியேட்’ வந்தாலும், நீங்களே அதை எழுத நினைத்தாலும், முதலில் கேட்க வேண்டிய கேள்வி ‘எங்கிருந்து?’ என்பதே. ஒரு புள்ளியையோ பொருளையோ ஆளையோ காட்டி ‘இங்கிருந்து’ என்று சொல்ல முடிந்தால் சொல் பொருந்தும். காட்ட முடியாவிட்டால் வேறு சொல்லைத் தேடுங்கள்.

தன்வினையா, பிறவினையா

தமிழில் ‘வெப்பம் பரவுகிறது’, ‘அடுப்பு வெப்பத்தைப் பரப்புகிறது’ என்று இரண்டு வினைகளைப் பயன்படுத்துகிறோம். பரவு தன்வினை, பரப்பு பிறவினை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே உருவம்தான். ‘ஹீட் ரேடியேட்ஸ் ஃப்ரம் த ஸ்டவ்’ என்றால் வெப்பம் தானே புறப்பட்டு வருகிறது. ‘த ஸ்டவ் ரேடியேட்ஸ் ஹீட்’ என்றால் அடுப்பு அதை வெளிவிடுகிறது. எனவே வாசிக்கும்போது வினைக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்று பாருங்கள். உடனடியாக ஒரு பெயர்ச்சொல் நின்றால் அது செயப்படுபொருள், பிறவினையாகத் தமிழாக்குங்கள். ‘ஃப்ரம்’ நின்றால் ‘இலிருந்து’. ‘டு’ நின்றால் நான்காம் வேற்றுமை ‘கு’. இவ்விரண்டில் எது வந்தாலும் தன்வினை. ‘டவுன்’ வந்தால் கீழ்நோக்கி இறங்குகிறது என்று பொருள்.

டயக்னோசிஸ் காட்டில் எங்கள் மருமகளைத் தடுக்கிவிட்டது பொருள் மட்டுமல்ல, சொல்லொழுங்கும்தான். ‘ரேடியேட்டிங்’ என்ற ‘இங்’ வடிவம் அங்கே நம் பெயரெச்சத்தின் வேலையைச் செய்கிறது. தமிழில் பெயரெச்சம் பெயருக்கு முன்னால் நிற்கும்: பரவும் நோ. ஆங்கிலத்தில் எச்சத்துடன் வேறு சொற்களும் சேர்ந்து தொடரானால், அது பெயருக்குப் பின்னால் போய்விடும். ஆகையால் இத்தகைய வரியை வாலிலிருந்து தலைக்கு வாசிக்க வேண்டும்: இடது கைக்கு, பரவும், நெஞ்சு நோ. இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் வைத்தியக் குறிப்புகளில் பாதி தானாகவே விளங்கும்.

நோவைப் பற்றி எழுதும்போது

மருத்துவ ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குத் தனியான ஓர் இடம் உண்டு. சில்லின் படத்தை இங்கே சற்றுத் தளர்த்திக்கொள்ள வேண்டும். நோ எல்லாத் திசைக்கும் போவதில்லை. பெரும்பாலும் ஒரு பாதையில்தான் போகும். என்றாலும் புறப்பட்ட இடம் ஒன்று இருக்கிறது, அங்கிருந்து வெளியே செல்கிறது என்பதால் இச்சொல் நிலைபெற்றுவிட்டது. மாரடைப்பின்போது நெஞ்சு நோ இடது கைக்கோ, தாடைக்கோ, கழுத்துக்கோ, முதுகுக்கோ பரவலாம். சிறுநீரகக் கல்லின் நோ விலாவின் பின்புறத்திலிருந்து கவட்டுப் பக்கம் இறங்கும். முதுகெலும்புத் தட்டு நரம்பை அழுத்தினால் இடுப்பிலிருந்து காலின் வழியே முழங்காலுக்குக் கீழேயும் நோ செல்லும். இம்மூன்றையும் டொக்டர்மார் ‘ரேடியேட்’ என்றே எழுதுவார்கள்.

இங்கே ஒரு நுட்பமான வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது நல்லது. குடல்வால் அழற்சியில் நோ பலருக்குத் தொப்புளைச் சுற்றித் தொடங்கி, சில மணித்தியாலங்களில் வலது அடிவயிற்றுக்கு மாறிவிடும். அது ‘ரேடியேட்’ அன்று. அங்கே நோ இடம்பெயர்கிறது. அதற்கு ‘ஷிப்ட்’ அல்லது ‘மைக்ரேட்’ என்று எழுதுவார்கள். தொடங்கிய இடத்திலும் நோ நிற்க, இன்னோர் இடத்துக்கும் அது நீளுமானால் மட்டுமே ‘ரேடியேட்’. குடம் இல்லாமல் ஆரக்கால் இல்லை. டொக்டரிடம் ஆங்கிலத்தில் சொல்ல நேர்ந்தால் ‘த பெயின் ஸ்டார்ட்ஸ் ஹியர் அண்ட் ரேடியேட்ஸ் டு மை ஷோல்டர்’ என்று, தொடங்கும் இடத்தையும் போகும் இடத்தையும் கையால் தொட்டுக் காட்டிச் சொல்லுங்கள்.

தமிழில் இதற்குக் ‘கதிர்வீசும் வலி’ என்று எழுதிய மொழிபெயர்ப்பைக் கண்டிருக்கிறேன். அப்படி எழுதியவருக்கு ஒருபோதும் நெஞ்சு நோ வந்ததில்லை போலும். நம் மக்கள் ‘இழுக்குது’, ‘இறங்குது’, ‘பரவுது’, ‘ஓடுது’ என்று சொல்கிறார்கள். எழுத்தில் ‘பரவும் வலி’ போதும். பேச்சில் சொல்லி விளக்கும்போது ‘நெஞ்சில் தொடங்கிக் கைக்கு இழுக்கிற நோ’ என்றால் யாருக்கும் ஐயம் வராது. சொல்லாராய்ச்சி ஒருபுறம் இருக்க, நெஞ்சு நோ கைக்கோ தாடைக்கோ இழுக்கத் தொடங்கினால் காட் எழுதும் வரை காத்திருக்க வேண்டாம். சுவசெரிய அம்புலன்ஸ் சேவையின் 1990 என்ற இலக்கத்தை உடனே அழையுங்கள்.

வெப்பமும் ஒளியும்

இச்சொல்லின் இயல்பான வீடு இதுதான். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பில் தீக்குழியிலிருந்து சில அடி தள்ளி நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. முகமும் நெஞ்சும் பொசுங்குவது போலிருக்கும், முதுகு குளிர்ந்திருக்கும். சூடான காற்று மேலே எழுந்து போய்விடுகிறது. பக்கத்தில் நிற்பவரின் முகத்தில் அடிக்கும் வெக்கை காற்றின் வழியே வந்ததன்று. நெருப்பிலிருந்து நேர்கோட்டில் வந்தது. உங்களுக்கு முன்னால் ஒருவர் வந்து நின்றால் அந்த வெக்கை அந்த நொடியே அறுந்துபோவதைக் கவனியுங்கள். நேர்ப்பாதை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ‘த ஃபயர் பிட் ரேடியேட்டட் இன்டென்ஸ் ஹீட்’ என்று துணிந்து எழுதலாம்.

விஞ்ஞானப் பாடத்தில் வெப்பம் செல்லும் மூன்று வழிகளைப் படித்திருப்பீர்கள். அவற்றில் ஊடகமே தேவையில்லாதது கதிர்வீசல் ஒன்றுதான். சூரியனுக்கும் நமக்கும் இடையிலுள்ள ஏறத்தாழ 15 கோடி கிலோமீற்றர் வெற்றிடத்தைக் கடந்து ஒளியும் வெப்பமும் வருவது அந்த வழியில்தான். அதற்கு 8 நிமிடமும் 20 செக்கனும் ஆகின்றன. மையத்திலிருந்து விலக விலகக் கதிர்கள் ஒன்றிலிருந்து ஒன்று அகல்வதால், தூரம் இரு மடங்கானால் வந்து சேரும் அளவு கால் பங்காகக் குறைகிறது. தீக்குழியிலிருந்து ஓரிரு அடி பின்வாங்கியவுடன் கிடைக்கும் ஆறுதலுக்கும் பெருமளவு காரணம் இதுவே.

தமிழாக்கும்போது பாடநூல் நடையில் ‘கதிர்வீசுகிறது’ சரியானது. கதையிலோ செய்தியிலோ அது ஒட்டாது. கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்தில், பகலெல்லாம் வெயில் குடித்த கொங்கிறீற் சுவர் இரவு பத்து மணிக்கும் சூட்டை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். ஆங்கிலத்தில் ‘த வோல்ஸ் வேர் ஸ்டில் ரேடியேட்டிங் ஹீட்’. தமிழில் ‘சுவர் இன்னும் வெக்கை அடிக்கிறது’ அல்லது ‘சுவரிலிருந்து அனல் வீசுகிறது’. ஒளிக்கு ‘வீசு’, ‘உமிழ்’, ‘ஒளிர்’ மூன்றும் உண்டு; நிலவுக்கு ‘பொழி’ என்றுகூட எழுதலாம்.

முகத்தில் தெரிவது

மனிதரின் உணர்வைச் சொல்லும்போது இந்த வினை செயப்படுபொருளுடன் வரும்: ‘ஷி ரேடியேட்டட் கொன்ஃபிடன்ஸ்’, ‘ஹிஸ் ஃபேஸ் ரேடியேட்டட் ஜோய்’. இங்கே மாணவர் அடிக்கடி செய்யும் பிழை, பெயர்ச்சொல்லுக்குப் பதிலாகப் பெயரடையை வைப்பது. ‘ரேடியேட்டட் ஹாப்பி’ என்று எழுத முடியாது. ‘ஹாப்பினஸ்’ என்று பண்புப் பெயராக வர வேண்டும். ‘வித்’ சேர்த்து ‘ரேடியேட்டட் வித் ஜோய்’ என்றும் எழுதலாம். இன்னொன்று, இது ஒருவர் வேண்டுமென்று செய்கிற செயலாகப் பெரும்பாலும் வராது. அவரை அறியாமலே அவரிடமிருந்து வெளிப்படுவதாகவே வரும். ‘நான் என் மகிழ்ச்சியை அவருக்கு ரேடியேட் செய்தேன்’ என்ற பொருளில் எழுதினால் ஆங்கிலம் தெரிந்தவர் சிரித்துவிடுவார்.

நம்பிக்கை, மகிழ்ச்சி, அமைதி, அன்பு ஆகிய நல்ல குணங்களோடுதான் இதை அதிகம் காண்கிறோம். பகைமை, வெறுப்பு ஆகியவற்றோடும் வரலாம். கவலையோடும் வெட்கத்தோடும் வருவது அரிது. அவை உள்ளே சுருங்கும் உணர்வுகள், வெளியே விரிபவை அல்ல என்பதால் இப்படி இருக்கலாம் என்பது என் எண்ணம்.

தமிழில் இதற்கு ஒரே வினையைத் தேடி அலைய வேண்டாம். மகிழ்ச்சி என்றால் ‘முகம் மலர்ந்திருந்தது’, ‘முகத்தில் சந்தோசம் பொங்கியது’. நம்பிக்கை என்றால் ‘அவருடைய ஒவ்வொரு சொல்லிலும் உறுதி தெரிந்தது’. அமைதி என்றால் ‘அவரைக் கண்டாலே மனம் அடங்கும்’. கடைசி வாக்கியத்தில் ஆங்கில வினையின் தடயமே இல்லை என்பீர்கள். வேண்டியதில்லை, பொருள் வந்துவிட்டது.

வீதிகளும் வாய்க்கால்களும்

ஒரு நகரத்திலிருந்து பல வீதிகள் பல திசைகளில் புறப்பட்டால் ‘ரோட்ஸ் ரேடியேட் ஃப்ரம் த டவுன்’ என்று எழுதுவார்கள். அம்பாறை நகரிலிருந்து ஒரு வீதி உகனைப் பக்கமும், ஒன்று இங்கினியாகலைப் பக்கமும், ஒன்று சம்மாந்துறை வழியாகக் காரைதீவுப் பக்கமும் போவதைச் சொல்ல இந்த வினை பொருந்தும். செங்கலடிச் சந்தியில் மட்டக்களப்பு, வாழைச்சேனை, பதுளை ஆகிய மூன்று பக்கத்து வீதிகள் கூடுகின்றன. அங்கே ‘மீட்’ என்பதே என் தெரிவு. அங்கே சொல்ல வருவது வீதிகள் வந்து கூடுவதை, புறப்பட்டுப் போவதை அன்று. தமிழில் ‘வீதிகள் பிரிந்து செல்கின்றன’ என்றால் போதும்.

வாய்க்கால்களின் கதை வேறு. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில், சேனநாயக்க சமுத்திரத்தின் நீர் இடதுகரை, வலதுகரை வாய்க்கால்களில் இறங்கி, கிளைகளாகவும் கிளைக்குள் கிளைகளாகவும் பிரிந்து வயல்களுக்குப் போகிறது. அது மரம் கிளைப்பதைப் போன்றது, சில்லின் வடிவமன்று. ‘பிராஞ்ச்’ அல்லது, ஒரு பக்கமாக விசிறிபோல் விரிவதைக் காட்ட ‘ஃபேன் அவுட்’ என்று எழுத வேண்டும்.

எங்கே இச்சொல்லை விட்டுவிட வேண்டும்

‘பரவு’ என்று தமிழில் சொல்லும் எல்லாவற்றுக்கும் ‘ரேடியேட்’ வராது. இங்கேதான் பிழைகள் மலிந்திருக்கின்றன. ஏறாவூரில் டெங்கு பரவியது என்றால் ‘ஸ்ப்ரெட்’. வதந்தி பரவியதும், தீ ஒரு கூரையிலிருந்து மறு கூரைக்குப் பரவியதும் ‘ஸ்ப்ரெட்’தான். நோய்க்கு முதல் நோயாளி ஒருவர் இருந்திருக்கலாம். ஆனால் அது ஆளிலிருந்து ஆளுக்குத் தாவிச் செல்கிறதே தவிர, அந்த ஒருவரிடமிருந்து நேர்கோடுகளாகப் புறப்படவில்லை. பாணில் பட்டர் பூசுவதும், நெல்லைக் காயப்போட்டுப் பரவிவிடுவதும், பாயை விரிப்பதும் அதே ‘ஸ்ப்ரெட்’. அந்தச் சொல்லுக்கு இறந்தகால உருவமும் ‘ஸ்ப்ரெட்’ என்பதை மறவாமல் எழுதிக்கொள்ளுங்கள். ‘ஸ்ப்ரெடட்’ என்று ஒன்று இல்லை. வாவியில் வீச்சு வலை வீசும்போது அது வானத்தில் வட்டமாக விரிவதைப் பார்த்து ‘ரேடியேட்’ எழுத ஆசை வரும். வலை விரிகிறது, அவ்வளவுதான்: ‘ஸ்ப்ரெட் அவுட்’. ஆனால் வலையின் மணி தண்ணீரில் விழுந்தவுடன் எழும் வளையங்கள் விழுந்த இடத்திலிருந்து வெளியே ஓடுகின்றனவே, அவற்றுக்கு ‘ரிப்பிள்ஸ் ரேடியேட்டட்’ என்பது மிகப் பொருத்தம்.

மல்லிகை மணத்துக்கு ‘ரேடியேட்’ எழுதுபவர்கள் உண்டு, எனக்கு உவப்பில்லை. மணம் காற்றில் மிதந்து, காற்றுப் போகும் பக்கம் போகிறது. அதற்கு ‘டிரிஃப்ட்’, ‘வாஃப்ட்’ ஆகிய சொற்கள் இருக்கின்றன. விதையைத் தூவினால் ‘ஸ்கேட்டர்’. கூட்டம் கலைந்தால் ‘டிஸ்பர்ஸ்’. மூடுபனியில் மின்குமிழின் வெளிச்சம் கூர் மழுங்கிப் பரவினால் ‘டிஃப்யூஸ்’.

நெருங்கிய உறவுக்காரர் இருவர் மட்டும் கொஞ்சம் தொல்லை தருவார்கள். ‘எமிட்’ என்பது வெளிவிடுதல் மட்டுமே. திசையைப் பற்றிய பேச்சு அதில் இல்லை. பஸ் புகையை ‘எமிட்’ செய்யும், ‘ரேடியேட்’ செய்யாது. ‘எமனேட்’ என்பது ஓரிடத்திலிருந்து வெளிவருதல். பெரும்பாலும் தன்வினையாகவே வரும். மூடிய அறையிலிருந்து ஓசை வந்தால் ‘எமனேட்’. மூலத்தைச் சுட்டிக்காட்டுவதே அதன் வேலை. நாற்புறமும் விரிந்தது என்ற பொருளை அது தராது.

அதே குடும்பத்துப் பிள்ளைகள்

‘ரேடியஸ்’ என்ற சொல்லை ஆங்கிலம் அப்படியே எடுத்துக்கொண்டது. வட்டத்தின் ஆரை அதுவே. முன்கையிலுள்ள ஆரை என்பும் அதுவே. ஆங்கிலச் செய்தியில் ‘விதின் எ ஃபைவ் கிலோமீற்றர் ரேடியஸ்’ என்று வருவதை நம் செய்தியாளர் பலர் ‘5 கிலோமீற்றர் சுற்றளவில்’ என்று எழுதுகிறார்கள். இது சிறு பிழையன்று. கல்லடியை மையமாகக் கொண்டு 5 கிலோமீற்றர் ஆரையுள்ள வட்டம் போட்டால் அதன் சுற்றளவு 31 கிலோமீற்றரைத் தாண்டும். சுற்றளவே 5 கிலோமீற்றர் என்றால் மையத்திலிருந்து 800 மீற்றர்கூட இல்லை. ஒரு வெளியேற்ற அறிவித்தலில் இந்த வேறுபாடு ஊர் முழுவதும் வெளியேறுவதா, நாலு தெரு மட்டும் வெளியேறுவதா என்பதைத் தீர்மானிக்கும். ‘5 கிலோமீற்றர் ஆரைக்குள்’ என்றோ ‘கல்லடியிலிருந்து எப்பக்கமும் 5 கிலோமீற்றர் தூரத்துக்குள்’ என்றோ எழுதுங்கள்.

‘ரேடியேஷன்’ என்ற பெயர்ச்சொல் எங்கள் வீட்டில் செய்த வேலையை மேலே சொன்னேன். வினைச்சொல் சாதுவாக இருக்க, பெயர்ச்சொல் அச்சத்தைச் சுமந்துகொண்டது. 1895இல் எக்ஸ்-கதிரும் 1898இல் ரேடியமும் கண்டறியப்பட்ட பின்னர் வந்த பொருள் அது. அடுப்பின் வெக்கையும் வெளிச்சமும் வானொலி அலையும்கூடக் கதிர்வீச்சுத்தான். அவையெல்லாம் அணுவிலிருந்து இலத்திரனைப் பிரித்தெடுக்கும் வலுவுள்ளவை அல்ல. ஆகவே காட்டில் ‘ரேடியேஷன்’ என்று பெயர்ச்சொல்லாக, சிகிச்சை என்ற பொருள்தரும் சொல்லோடு சேர்ந்து வந்தால் கதிர்வீச்சுச் சிகிச்சை. வினையாகவோ எச்சமாகவோ நோவுக்குப் பக்கத்தில் வந்தால் பரவுதல். இதை மருமகளின் கொப்பியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

மற்றவை சுருக்கமாக. ‘ரேடியன்ட்’ ஒளி பொருந்திய. மணமகளுக்கும் சொல்லலாம், சூரியனுக்கும் சொல்லலாம். ‘ரேடியல்’ டயரில் உள்ளிழைகள் சில்லின் மையத்திலிருந்து வெளிநோக்கி ஓடுவதால் அந்தப் பெயர். வாகனத்தின் ‘ரேடியேட்டர்’ பெயருக்கு மாறாகத் தன் வெப்பத்தின் பெரும்பகுதியைக் காற்றுக்குக் கொடுத்தே ஆறுகிறது. உயிரியலில் ஒரே மூதாதையிலிருந்து பல இனங்கள் வெவ்வேறு வாழிடங்களுக்கு இசைந்து பிரிவதையும் ‘ரேடியேஷன்’ என்றே சொல்வர். இலங்கையில் மட்டும் காணப்படும் புதர்த் தவளைகளின் எழுபதுக்கும் மேற்பட்ட இனங்கள் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே ‘விரிகை’ என்று தமிழாக்குவது பொருந்தும்.

உச்சரிப்பில் ஒரு சொல். முதல் அசையில் அழுத்தம்: ‘ரேய்’. ‘ராடியேட்’ என்பதைக் கைவிடுங்கள். ‘ரேடியேஷன்’ என்னும்போது அழுத்தம் ‘யேய்’ என்ற இடத்துக்குப் போய்விடும்.

செய்து பார்க்க

கீழே வரும் வாக்கியங்களை நீங்களே ஆங்கிலமாக்கிப் பார்த்துவிட்டு என் விடையைப் பாருங்கள். ‘முதுகு நோ காலுக்கு இறங்குகிறது’ என்பது எளிது: ‘த பெயின் இன் மை பேக் ரேடியேட்ஸ் டவுன் மை லெக்’. ‘பரீட்சைப் பெறுபேறு வந்த அன்று அவள் முகம் மலர்ந்திருந்தது’ என்பதற்கு ‘ஹர் ஃபேஸ் ரேடியேட்டட் ஜோய்’ என்று எழுதலாம். ‘ஹர் ஃபேஸ் லிட் அப்’ இன்னும் இயல்பானது, ஆனால் அது அந்தக் கணத்தை மட்டுமே சொல்லும், நாள் முழுவதும் நீடித்ததைச் சொல்லாது. ‘செய்தி நிந்தவூர் முழுவதும் பரவியது’ என்பதில் மையத்தைத் தேடி ஏமாந்திருப்பீர்கள்; ‘ஸ்ப்ரெட்’.

கடைசி வாக்கியம் சற்றுக் கடினம்: ‘பாலமீன்மடு வெளிச்சவீட்டின் ஒளி கடலைத் தடவிச் சென்றது.’ மையம் இருக்கிறது, ஒளியும் நேராகத்தான் போகிறது. ஆனாலும் வெளிச்சவீட்டின் வில்லைகள் விளக்கின் ஒளியை ஒரு கற்றையாகத் திரட்டி அனுப்புகின்றன. அக்கற்றை சுழன்று கடலைத் தடவுகிறது. எனவே ‘பீம்’ என்ற பெயரும் ‘ஸ்வீப்’ என்ற வினையும் வேண்டும்: ‘த பீம் ஸ்வெப்ட் அக்ரொஸ் த சீ’. வில்லையைக் கழற்றிவிட்டு அதே விளக்கை வெறுமனே ஏற்றி வைத்தால், அப்போது ‘ரேடியேட்’ என்று எழுதலாம்.